விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்!

வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் எங்கள் பழைய நிசான் வேனெட் நிற்கும். காய்கறி ஏற்றிய வண்டி. வாங்கிய அன்று வெங்காய வாடைதான் எங்களை வரவேற்றது.

வாரநாளில் அம்மாவின் கேட்டரிங் பாத்திரங்கள், வாரக்கடைசியில் குடும்பத்தோடு கடற்கரை. இரண்டுக்கும் ஒரே வேன் என்பது என் கணக்கு. பின்னால் இருக்கை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்றேன். லாரி ஓட்டி எங்களை வளர்த்த அப்பா தடுத்தார்: "இது சரக்கு வண்டிம்மா. ஜேபிஜே அனுமதி இல்லாம சீட் போடாதே. பிரேக் அடிச்சா பிள்ளைங்க எங்க போய் விழும்?"

ஆசையை விட்டேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினால் அடியில் துரு. முதல் செலவு அதற்குத்தான்: சுரண்டி, வெல்டிங் வைத்து, துருத்தடுப்புப் பூச்சு. அதன்மேல் பிளைவுட் தரை. பிறகு போல்ட் கழற்றி வெளியே எடுக்கக்கூடிய ஒரு பலகைப் பெட்டி. திறந்தால் பாத்திர அறை, மூடினால் கட்டில்.

பிள்ளைகள் கணவரின் மைவியில் பின்னால் வருகிறார்கள். போர்ட் டிக்சனில் வேனை நிறுத்திக் கதவைத் திறந்தால், அந்தக் கட்டிலில் முதலில் தூங்குபவர் அப்பாதான்.

பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? பளபளப்பில் மயங்காதீர்கள். விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.