முகவரி இழந்த மூட்டைகள்

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில், மக்கள் மேட்டுக்காடு என்று வழங்கும் பழைய மேட்டில், தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும், சுடுமண் பொம்மைகளும், தந்தத்தாலான பகடையும், பாசிமணிகளுமாக முதற் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அகழாய்வுக் குழியில் மணி ஒன்று தலைகாட்டினால், ஆவலோடு கையை நீட்டி அதை எடுத்துவிடுவது அந்தத் தொழிலில் மகாபாவம். எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எந்த மண்ணடுக்கு என்பதையெல்லாம் குறித்துப் படமும் எடுத்த பின்னரே அதை அசைக்க வேண்டும். கிடந்த இடம் தெரிந்த மணி சரித்திரம் பேசும், இடம் தெரியாத மணியோ சந்தையில் வாங்கிய மணிக்குச் சமானம்.

இந்த விவேகம் முற்றிலும் வேறான ஓர் யந்திரத்துக்கும் பொருந்தும். வெம்பக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் ஓர் அச்சகத்தை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அவ்வூரின் வழக்கமாகையால், அதற்கு முந்தைய வாரங்களில் டிசைன் போடுகிறவர்களின் கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடும். அவர்கள் வரையும் முருகனும் லட்சுமியும் இயற்கைக் காட்சிகளும் அவரவர் கம்ப்யூட்டரில் தங்காமல், வலைப்பின்னல் வழியே சென்று, அறையின் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் சேமிப்பு சர்வரில் குடியேறுகின்றன. ஒரு நாள் காலையில், திறந்த படத்தின் மேற்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் தோன்றுகிறது. இன்னொரு ஃபைலின் பெயர் இருக்கிறது, அளவோ பூஜ்யம். மாலைக்குள் சர்வர், இனிப் படிக்கலாம், எதுவும் எழுத விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது. அந்தப் பிடிவாதம் நோயாளி தானே படுக்கையில் விழுந்து ஓய்வெடுப்பதைப் போன்ற தற்காப்பு என்பதை அறியாமல், அதை அணைத்து அணைத்துப் போடுகிறவர்களே அதிகம்.

உள்ளே நடந்ததை விளங்கிக்கொள்ள, விருதுநகர் மொத்த வியாபாரியின் கிட்டங்கியை நினைத்தால் போதும். ஹார்டு டிஸ்க் என்பது சிறுசிறு அறைகளாகப் பகுக்கப்பட்ட கிட்டங்கி. அறை ஒன்றுக்கு 4096 பைட் என்று வைத்துக்கொண்டால், நான்கு டெராபைட் டிஸ்க்கில் ஏறக்குறைய 98 கோடி அறைகள் இருக்கும். ஒரு படம் பல ஆயிரம் அறைகளில் சிதறிக் கிடக்க, அது எந்தெந்த அறைகளில் உள்ளது, எவ்வளவு பெரியது, யாருக்கு உரியது, என்று மாறியது என்பதையெல்லாம் எழுதி வைக்கும் பேரேடுதான் ஃபைல் சிஸ்டம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: லினக்ஸ் சர்வர்களில் பெருவழக்காக உள்ள ‘இஎக்ஸ்டி4’ போன்ற அமைப்புகளில், சரக்கின் விவரம் ஐநோடு என்னும் ஒரு சீட்டிலும், அதன் பெயர் மட்டும் ஃபோல்டர் என்னும் வேறொரு பட்டியலிலும் இருக்கும். ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது என்று சொல்லும்போது, பெரும்பாலும் சரக்கு எரிந்துபோவதில்லை. பேரேடும் கிட்டங்கியும் ஒத்துப்போகாமல் போகின்றன. ஒரே அறைக்கு இரண்டு சீட்டுகள் உரிமை கொண்டாடும். காலி என்று எழுதிய அறையில் சரக்கு இருக்கும்.

மின்தடைதான் இதற்கு மிகவும் பழக்கமான காரணம். சரக்கை இறக்கிவிட்டுப் பேரேட்டில் பாதி வரி எழுதுகையில் விளக்கு அணைந்தால் கணக்கு அந்தரத்தில் நிற்குமல்லவா? இதற்கு வியாபாரிகள் கண்ட உபாயத்தையே யந்திரமும் கைக்கொண்டது: செய்யப் போவதை முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது. ஜர்னல் எனப்படும் இந்தச் சிட்டையால், மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சில நொடிகளில் நேர்செய்துவிட முடிகிறது. ஆனால் சிட்டை காப்பது வழக்கமாகப் பேரேட்டை மட்டுமே. மூட்டைக்குள் இருக்கும் சரக்குக்கு அது ஜாமீன் நிற்பதில்லை.

ஆகவே மின்தடையின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாகாது. சர்வரின் லாக் பதிவுகளில் பிழை முதன்முதலில் எந்த நேரத்தில், எந்த டிஸ்க்கின் பெயரில் தோன்றியது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாட்டின்படி தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கிறது. அதில் 5ஆம் இலக்கம் கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளையும், 197ஆம் இலக்கம் படிக்க முடியாமல் தவணையில் நிற்கும் பகுதிகளையும் காட்டும். இவை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் மரணப் படுக்கையில் இருக்கிறது என்று நிச்சயிக்கலாம். இவை இரண்டும் பூஜ்யமாக இருக்க 199ஆம் இலக்கம் மட்டும் ஏறினால், டிஸ்க் நிரபராதி. இடையிலுள்ள கேபிளோ அதன் இணைப்போதான் சந்தேகத்துக்கு உரியது. எல்லா டிஸ்க்குகளும் சுகமாக இருந்தும் பிழைகள் இடம் மாறி மாறித் தோன்றினால், ராம் என்னும் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். அங்கே ஒரு பிட் புரண்டால், தவறான கணக்கு மிக நேர்த்தியாகப் பேரேட்டில் ஏறிவிடும்.

காரணம் தெரிந்தபின் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவிக்கு வருகிறோம். யூனிக்ஸுக்காக டெட் கோவால்ஸ்கி எழுதிய ‘எஃப்எஸ்சிகே’யின் வாரிசுகளே இன்றும் இப்பணியைச் செய்கின்றன. பேரேட்டையும் கிட்டங்கியையும் ஒப்பிட்டு, பெயர் தொலைந்த மூட்டைகளை ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்னும் மூலையில், ஐநோடு எண்ணையே பெயராகச் சூட்டி அது அடுக்கி வைக்கும். ஆனால் அதன் குறிக்கோள் பேரேட்டை முரணின்றி ஆக்குவதேயன்றி நம் படங்களைக் காப்பதன்று. முரண் தீர வேண்டுமானால் ஒரு சீட்டைக் கிழித்தெறியவும் அது தயங்காது. ஆதலால் சர்வரில் எழுதுவதை முதலில் நிறுத்தி, டிஸ்க் முழுவதையும் அறை அறையாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, எதையும் மாற்றாமல் அறிக்கை மட்டும் தரும்படி கருவியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே நகலின் மீது சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மேட்டுக்காட்டில் மண்ணைத் தொடுமுன் படம் எடுக்கிறார்களே, அதே ஒழுக்கம்தான் இது. பேரேட்டின் முதற்பக்கமான சூப்பர்பிளாக்கே சிதைந்திருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. இஎக்ஸ்டி4 அதன் பிரதிகளைப் பல இடங்களில் ஒளித்து வைத்திருக்கிறது. 4096 பைட் அறைகளைக் கொண்ட டிஸ்க்கில் முதற்பிரதி வழக்கமாக 32768ஆம் அறையில் இருக்கும்.

பேரேடு ஒழுங்காக இருந்தும் மூட்டைக்குள் சரக்கு மட்டும் ஓசையின்றிக் கெடுவதும் உண்டு. லட்சுமி பைரவசுந்தரமும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்ததில் இத்தகைய பொருந்தாமை நான்கு லட்சத்துக்கும் அதிகமான தடவை தென்பட்டது. மூட்டையைக் கட்டும்போதே நிறுத்து எடையைக் குறித்து, அவிழ்க்கும்போது மறுபடி நிறுப்பதே இதற்கு மாற்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ‘இசட்எஃப்எஸ்’ ஒவ்வோர் அறைக்கும் இவ்வாறு ஓர் எடைக் குறியைக் காத்து, எடை குறைந்த மூட்டைக்குப் பதிலாக இரண்டாம் பிரதியிலிருந்து நல்லதை எடுத்து வைக்கிறது.

இரண்டாம் பிரதி என்றவுடன், ஒரே பெட்டிக்குள் இரட்டையாக ஓடும் ‘ரெய்டு’ டிஸ்க்குகளைக் காட்டி நிம்மதியடைகிறவர்கள் உண்டு. ஒரு டிஸ்க் செத்தால் மற்றொன்று தாங்கும், உண்மை. ஆனால் தவறுதலாக அழித்த ஃபைல் அதே கணத்தில் இரண்டிலும் அழியும், இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே கருகும். இதை வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு வேற்றூரார் வந்து விளக்க வேண்டியதில்லை. அங்கே பட்டாசு ஆலைகளில் ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே ஏன் வெற்றிடம் விட்டுக் கட்டுகிறார்கள் என்பதை அப்பகுதி மக்கள் உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வர வேண்டுமானால், அதன் படங்களுக்கும் தூரத்தில் ஒரு தனி ஷெட் வேண்டும்.