பிஞ்சுக் கையில் பெரியவர் கைப்பேசி

மாணவர் மலரில் குழந்தை வளர்ப்புக்கு என்ன இடம் என்று நண்பர் சிலர் கேட்கலாம். மும்பைத் தமிழ் வீடுகளின் நிலையை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். மாஹிம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே தாராவிக்குள் நடந்தால், பத்துக்குப் பத்து அடி அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகளை வரிசையாகக் காணலாம். தந்தை வேலைக்குப் போயிருப்பார். தாயும் இட்லி விற்கவோ வீட்டு வேலைக்கோ போயிருப்பார். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வது கல்லூரியில் படிக்கும் அண்ணனும் அக்காவுமே. அந்தத் தம்பியின் கையிலுள்ள கைப்பேசியின் நெளிவு சுளிவுகளை அறிந்தவரும் அவர்களே. ஆகவே இது நம் பொருள்.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்புப் பற்றிய அறிவுரைகள் பல, குழந்தைக்கெனத் தனிக் கருவி, தனிக் கணக்கு, தனி அறை உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நான் மாலை வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுக்கும் வீடுகளில் இம்மூன்றும் இல்லை. உள்ளது ஒரே கைப்பேசி. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட்டபோது அதுவே வகுப்பறையாயிற்று. பள்ளிகள் திறந்த பின்னும், சோறூட்டவும் அழுகையை நிறுத்தவும் அதை நாடும் பழக்கம் போகவில்லை. நாளைக்குத் தேர்வு, தம்பி அழுகிறான் என்றால் நாமும் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். இதைக் குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது என்பதே என் பேச்சு.

முதலில் அபாயம் எங்கே பிறக்கிறது என்று காண்போம். யூடியூப் போன்ற செயலிகள், கணக்குக்கு உரியவர் எதைப் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்று குறித்துக்கொண்டு அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. கணக்கு தந்தையுடையது, பார்ப்பதோ குழந்தை. இந்த வேறுபாடு இயந்திரத்துக்குத் தெரியாது. இரவில் தந்தை பார்த்த சண்டைக் காட்சியின் உறவினர் எல்லாம், காலையில் குழந்தை கேட்கும் நிலாப் பாட்டின் அடியில் வந்து நிற்பர். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும். அதை நிறுத்தவேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைக்குத் தோன்றுமா?

குழந்தைகளுக்கானவை போலத் தோன்றும் படங்களையும் முழுதும் நம்புவதற்கில்லை. பிள்ளைகள் விரும்பும் கேலிச்சித்திரப் பாத்திரங்களை வைத்தே வன்முறையும் ஆபாசமும் கலந்த படங்கள் யூடியூபில் பெருகியிருந்தது 2017ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ‘எல்சாகேட்’ என்ற பெயரால் உலகெங்கும் அது பேசப்பட்டது. குழந்தைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதாக அமெரிக்காவில் எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

அரசும் நீதிமன்றமும் தடுக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைகளுக்கு நேரும் தீங்கையும் எடுத்துக்காட்டி, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு ஆணையிட்டது. அதே மாதத்தில் தடையை நீக்கியது. 2020 ஜூனில் மைய அரசு வேறு காரணங்களுக்காக அதைத் தடை செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. சட்டம் வேண்டும், ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து காவல் காக்காது.

குழந்தை எதைப் பார்க்கிறது என்பது ஒரு பாதி. குழந்தையை யார் பார்க்கிறார் என்பது மறு பாதி. குளிக்கும் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் நிலையில் வைத்து மகிழும் வீடுகள் உண்டு. அன்பினால் வைப்பதுதான், ஆனால் அனுப்பிய படம் திரும்பி வாராது. அது போய்ச் சேரும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களைத் தனியே வைத்திருந்து பார்ப்பது குற்றமன்று என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று தள்ளியது. ஆகவே அத்தகைய படம் ஏதேனும் குழுவில் வந்தால், பிறரை எச்சரிப்பதற்காகக்கூட அனுப்பலாகாது. தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில் தெரிவிக்கவேண்டும்.

இனி, ஒரே கைப்பேசி உள்ள வீட்டுக்கு ஏற்ற வழிகளைச் சொல்கிறேன். இவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை.

ஒன்று: இரண்டு மூன்று நல்ல படங்களை நாமே முழுதும் பார்த்து, முன்னதாகவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது விமான நிலைக்கு மாற்றிவிட்டால், அயலார் அழைப்பும் வாராது. புதிய படமும் வாராது.

இரண்டு: ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில், திரையை ஒரே செயலியில் நிறுத்திப் பூட்டும் வசதி உண்டு. ‘ஆப் பின்னிங்’ என்பர். வெளியேற ரகசிய எண் கேட்குமாறு அமைத்துவிட்டால், குழந்தையின் விரல் வேறிடம் போகாது. இணையம் தேவையானால் யூடியூப் கிட்ஸ் செயலியில், நாம் ஒப்பிய படங்கள் மட்டும் வருமாறு செய்யலாம்.

மூன்று: பணச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு வேண்டும். யூபிஐ லைட்டில் சிறு தொகைகள் ரகசிய எண் இல்லாமலே போய்விடும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

நான்கு: காதுக்கருவி கூடாது, ஒலி வெளியே கேட்கட்டும். ஓரறை வீட்டின் நெருக்கடியை நாம் குறையென்றே எண்ணுகிறோம். இந்த ஒன்றில் மட்டும் அது நமக்குத் துணை. அடுப்படியில் இருக்கும் ஆச்சியின் காதும் அங்கே காவல் காக்கும்.

ஐந்து: அளவு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிப்படி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டா. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் ஆகாது.

இவ்வைந்தையும் விடப் பெரியது ஒன்று உண்டு. அஞ்சத்தக்க காட்சி எதையோ கண்ட குழந்தை ஓடிவந்து காட்டும்போது, கைப்பேசியைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைப்பது நம் வழக்கம். அடி வாங்கிய குழந்தை அடுத்த முறை காட்டாது, மறைக்கும். மறைக்கக் கற்ற குழந்தைதான் நாளை தீயவன் ஒருவன் ‘யாரிடமும் சொல்லாதே’ என்றால் சொல்லாமலே இருக்கும். ‘காட்டினாயே, நல்லது’ என்று அணைத்துக்கொள்ளும் அக்காவிடம் அது எதையும் சொல்லும். அப்பாவிடம் சொல்ல அஞ்சுவதைக்கூட அண்ணனிடம் சொல்லும் குழந்தைகளை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

தீங்கு நேர்ந்ததென அறிந்தால் 1098ஐ அழைக்கத் தயங்கவேண்டா. 1996இல் இதே மும்பையில், செம்பூரை அடுத்த தேவனாரின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்து முயற்சியாகத் தொடங்கி, நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண் அது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் கட்டளை.

நண்பர்களே, மேலே சொன்ன அமைப்புகளைச் செய்து முடிக்க ஒரு கைப்பேசிக்குக் கால் மணி நேரம் போதும். வரும் விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் தம் சந்தில் ஐந்து வீடுகளின் கதவைத் தட்டி, அங்குள்ள தாய்மார் அருகிலிருந்து பார்க்க, அவர்கள் கைப்பேசியைச் சரிசெய்து கொடுப்போம். செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்வோம். அடுத்த முறை அவர்களே செய்துகொள்வார்கள்.