பிரெஞ்சுப் பள்ளியில் பிள்ளைகள்: பெற்றோரின் கவலை 'நீட்'

புதுதில்லி: தில்லியிலும் புதுச்சேரியிலும் உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் இந்தியப் பெற்றோருக்குத் தொடக்க ஆண்டுகள் பெருமிதத்திலேயே கழிகின்றன. வீட்டுப் பாடத்தில் உதவ இயலவில்லை என்பதொன்றே குறை.

சோதனை 10-ஆம் வகுப்பு முடிவில் வருகிறது. 2021 முதல் நடைமுறையில் உள்ள 'பக்கலோரியா' தேர்வு முறைப்படி, மாணவர் 3 சிறப்புப் பாடங்களைத் தேர்ந்து, இறுதியாண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். கணிதம், இயற்பியல்-வேதியியல், உயிரியல் மூன்றையும் சிறப்புப் பாடங்களாகத் தொடர வழியில்லை.

சான்றிதழ் இந்தியாவில் செல்லுமா என்ற ஐயத்தை 2018 மார்ச்சில், அதிபர் மேக்ரான் தில்லி வந்தபோது கையெழுத்தான கல்வித் தகுதி அங்கீகார ஒப்பந்தம் பெருமளவு தணித்தது. ஆனால், சான்றிதழ் செல்வது வேறு. இடம் கிடைப்பது வேறு. 'நீட்', 'ஜேஇஇ' இரண்டும் இந்தியப் பாடத்திட்டத்தை ஒட்டியவை, பிரெஞ்சில் நடத்தப்படுவதுமில்லை. அறிவியலைப் பிரெஞ்சில் கற்ற பிள்ளை அதே பாடத்தை ஆங்கிலத்தில் மீண்டும் படித்தாக வேண்டும்.

புதுச்சேரியில் 1826-இல் தொடங்கப்பட்ட பள்ளியில் பயிலும் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கவலை குறைவு. அவர்கள் பிரெஞ்சு அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்; பிரான்ஸில் மேற்படிப்புக்கு விசாவும் தேவையில்லை. அதே வகுப்பில் அமரும் இந்தியக் குடியுரிமைப் பிள்ளையின் பெற்றோரோ, பள்ளிக் கட்டணத்துடன் தனிப்பயிற்சிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றனர்.