திரும்ப மறுக்கும் புல்டோசர்: பழுதைக் கண்டறிதலும் பழுதைச் சொல்லுதலும்

'வண்டி சரியாகத் திரும்பவில்லை' என்று புல்டோசர் ஓட்டுநர் பட்டறையில் வந்து சொல்வதுண்டு. இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமல் இயந்திரத்தின் பின்புறத்தைத் திறந்தால், நாள்கணக்கான உழைப்பு வீணாகும். பழுதைச் சரியான சொல்லால் குறிப்பதே அதைக் கண்டறிவதன் முதற்படி என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் முதிர்ந்த ரப்பர் மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்யவும், மேட்டு நிலத்தில் செம்பனைக்குப் படிவரப்பு வெட்டவும், உட்சாலை அமைக்கவும் புல்டோசர் தேவைப்படுகிறது. இங்கே பேசப்படுவது, உலர்நிலைக் கிளட்சும் கைப்பிடியும் கொண்ட பழைய வகை இயந்திரமாகும்.

திரும்பும் முறை

1904ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்கு அருகே பெஞ்சமின் ஹோல்ட் சோதித்த சங்கிலிப்பட்டை இழுவை இயந்திரத்துக்கு முன்புறம் ஒரு திசைச்சக்கரம் இருந்தது. பிற்கால இயந்திரங்களில் அச்சக்கரம் மறைந்தது. இரு பட்டைகளின் வேக வேறுபாட்டாலேயே வண்டியைத் திருப்பும் முறை நிலைபெற்றது.

எஞ்சினின் ஆற்றல் முதன்மைக் கிளட்ச், கியர்பெட்டி வழியாகப் பின்புறக் குறுக்குத்தண்டை அடைகிறது. அங்கிருந்து அது இருபுறமும் பிரிகிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்டீயரிங் கிளட்ச் உண்டு. அதன் தகடுகளை வில்சுருள்கள் அழுத்திப் பிடித்திருக்கும். வெளி உருளையைச் சுற்றிப் பிரேக் பட்டை அமைந்திருக்கும். வலக் கைப்பிடியை இழுத்தால் வலப்பக்கத் தகடுகள் விடுபடும். வலப்பட்டை ஆற்றலை இழக்கும். இடப்பட்டை மட்டும் தள்ளுவதால் வண்டி வலப்புறம் திரும்பும். குறுகிய வளைவுக்கு வலப் பிரேக்கையும் மிதிக்க வேண்டும்.

மூன்று வினைச்சொற்கள்

இந்த அமைப்பில் தோன்றும் முதன்மைப் பழுதுகளை ஒட்டுதல், வழுக்குதல், உரசுதல் என்னும் மூன்று தமிழ் வினைகளால் தெளிவாகப் பிரிக்கலாம்.

ஒட்டுதல் என்பது, கைப்பிடியை இழுத்தும் தகடுகள் விடுபடாத நிலை. வண்டி அந்தப் பக்கம் திரும்ப மறுக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதப் பெருமழையில் நெடுநாள் நிறுத்தப்பட்ட இயந்திரத்தில் தகடுகள் துருவேறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இணைப்புத் தண்டுகள் தேய்ந்து, கைப்பிடியின் இயக்கம் கிளட்சைச் சென்றடையாததும் காரணமாகலாம்.

வழுக்குதல் என்பது, தகடுகள் இறுகப் பிடிக்காத நிலை. வெறுமனே ஓடும்போது வண்டி நேராகச் செல்லும். மண்ணைத் தள்ளத் தொடங்கியதும் ஒரு பட்டை தயங்கி நிற்க, வண்டி அந்தப் பக்கமாகக் கோணும். தேய்ந்த தகடு, தளர்ந்த வில்சுருள், கைப்பிடியில் தளர்விடை இல்லாமை ஆகியவை இதன் காரணங்கள். பல்சக்கர அறையின் அடைப்பு வளையம் பழுதுற்று, உலர்ந்திருக்க வேண்டிய தகடுகளில் எண்ணெய் படிந்தாலும் வழுக்கும்.

உரசுதல் என்பது, மிதிக்காதபோதும் பிரேக் பட்டை உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை. இங்கே சுமை இல்லாமலேயே வண்டி ஒரு பக்கம் கோணும். சங்கிலிப்பட்டை அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும், பற்சக்கரத்தில் களிமண் இறுகியிருந்தாலும் இதே அடையாளம் தென்படும்.

'வலப்பக்கம் இழுக்கிறது' என்னும் சொல் பிந்திய இரண்டுக்கும் பொருந்துவதால்தான் குழப்பம் நேர்கிறது. சுமையோடு மட்டும் கோணுகிறதா, சுமையின்றியும் கோணுகிறதா என்னும் கேள்வி இரண்டையும் பிரித்துவிடும்.

சோதனை வரிசை

எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறை. முதலில் இரு பட்டைகளின் தொய்வையும் ஒப்பிட்டு, களிமண்ணை அகற்ற வேண்டும். அடுத்து, இரு கைப்பிடிகளின் தளர்விடையையும் அவ்வியந்திரத்தின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். சில வேளைகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

பின்னர், சுற்றிலும் ஆள்நடமாட்டமற்ற சமதளத்தில், தாழ்ந்த கியரில் மெல்ல ஓட்டி இரு கைப்பிடிகளையும் ஒருசேர இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒரு பட்டை தொடர்ந்து நகர்ந்தால் அந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து, அலகை மண்ணில் இறக்கித் தள்ளும்போது எந்தப் பட்டை முதலில் நிற்கிறது என்று நோக்கினால் வழுக்கும் பக்கம் தெரியும். அலகை உயர்த்திச் சற்று நேரம் ஓட்டியபின் ஒரு பக்கப் பிரேக் அறை மட்டும் மிகுதியாகச் சூடேறியிருந்தால் அது உரசலின் அடையாளம்.

கிளட்ச் அறையின் அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றிப் பார்ப்பதும் பயனுள்ளது. எண்ணெய் வடிந்தால், தகடுகளை மாற்றுவதற்கு முன் அடைப்பு வளையத்தைச் சீர்செய்ய வேண்டும். இல்லையேல் புதிய தகடும் விரைவில் வழுக்கும்.

பழுதல்லாத 'பழுது'

சரிவில் இறங்கும்போது வலக் கைப்பிடியை இழுத்தால் வண்டி இடப்புறம் திரும்பக்கூடும். இது கோளாறு அன்று. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை, தடுத்துப் பிடிக்கிறது. வலப்பக்கக் கிளட்ச் விடுபட்டதும் அப்பக்கத் தடை நீங்கி, வலப்பட்டை விரைந்தோடும். ஆகவே வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். கிளட்சை விடுவிக்கும்போதே அதே பக்கப் பிரேக்கையும் அழுத்தினால்தான் விரும்பிய பக்கம் திரும்பும்.

மலைச்சரிவில் படிவரப்பு வெட்டும் ஓட்டுநருக்கு இது உயிரைக் காக்கும் அறிவு. கைப்பிடியை இன்னும் வலுவாக இழுப்பதாலேயே வண்டி திரும்பிவிடும் என்று நம்புபவர் விளிம்பை நோக்கிச் செல்லக்கூடும். பிரேக் பட்டை தேய்ந்த வண்டியைச் சமதளத்தில் ஓரளவு சமாளிக்கலாம்; சரிவில் ஏற்றவே கூடாது.

சொல்லின் பயன்

எனவே, பட்டறைக் குறிப்பேட்டில் 'திரும்பவில்லை' என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தப் பக்கம்? சுமையோடா, சுமையின்றியா? ஏற்றத்திலா, இறக்கத்திலா, சமதளத்திலா? இம்மூன்று வினாக்களுக்கும் ஓட்டுநர் தமது தாய்மொழியில் விடை எழுதிவிட்டால், பழுதுபார்ப்பவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். கிளட்ச், பிரேக், கியர் முதலிய பெயர்கள் பிறமொழியிலிருந்து வந்தவை. அவை அப்படியே இருக்கலாம். ஆனால் அவற்றுக்கு நேர்ந்ததைச் சொல்லும் ஒட்டுதல், வழுக்குதல், உரசுதல் ஆகிய வினைகள் தமிழில் முன்னமே உள்ளன. அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்காமல், உரிய இடத்தில் ஆளுவதே பட்டறையில் மொழி ஆற்றும் தொண்டு.