அதே 10.72 விநாடி... கல்லூரியில் சாதனை இல்லை, ஒலிம்பிக்கில் தங்கம்! யார் இந்த ஜூலியன் ஆல்ஃப்ரெட்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் ஜூலியன் ஆல்ஃப்ரெட். கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். ஆனா, அந்த வேகம் அவருக்குப் புதுசு இல்லை!

யார் இவர்?

12 வயதில் அப்பாவை இழந்தவர். 14 வயதில் பயிற்சிக்காக வீட்டைவிட்டு ஜமைக்கா போனார். அடுத்து, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம். கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 2022, 2023 என இரண்டு முறை 100 மீட்டர் சாம்பியன்.

2023-ல் என்ன நடந்தது?

இறுதிப் போட்டியில் 10.72 விநாடியில் ஓடினார். கல்லூரி அளவிலான சாதனை அப்போது 10.75 விநாடி. 2019-ல் அதைப் படைத்தவர் ஷகாரி ரிச்சர்ட்சன். அதைவிட வேகமா ஓடியும் ஆல்ஃப்ரெட் பெயரில் சாதனை பதிவாகலை. காரணம், காற்று!

காற்றுக்கும் சாதனைக்கும் என்ன சம்பந்தம்?

பின்னாலிருந்து வீசும் காற்று, ஓடுபவரைத் தள்ளிவிடும். அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், வெற்றி செல்லும். ஆனா ஓடிய நேரத்தைச் சாதனையாக ஏற்க மாட்டாங்க. அன்று காற்றின் வேகம் 2.3 மீட்டர்.

பாரிஸில் என்ன மாறியது?

ஆகஸ்ட் 3, மழையில் நனைந்த ஓடுதளம். பின்காற்று இல்லை, லேசான எதிர்காற்றுதான். ஆல்ஃப்ரெட் ஓடிய நேரம் அதே 10.72! இந்த முறை அது தேசிய சாதனை. 10.87 விநாடியில் வெள்ளி வென்றவர், அதே ஷகாரி ரிச்சர்ட்சன்.