கடையில் ஒருவர் சாய்ந்தால் முதல் பத்து நிமிடம் நம் கையில்

சரக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம். கிட்டங்கியில் தீயணைப்பான் மாட்டி வைக்கிறோம். ஆனால் மூட்டை தூக்கும் தொழிலாளியோ, கல்லாவில் இருப்பவரோ, சாமான் வாங்க வந்தவரோ திடீரென்று சாய்ந்து விட்டால் என்ன செய்வது என்று நாம் யோசித்து வைத்திருக்கிறோமா?

மாரடைப்பு வேறு, இதயம் நின்று போவது வேறு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது என்று வாய் திறந்து சொல்வார். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இதயம் நின்றவர் பேச மாட்டார். தட்டிக் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். மூச்சு இருக்காது, அல்லது விட்டு விட்டுக் கேவுவது போல் இழுக்கும். அந்த இழுப்பைப் பார்த்து மூச்சு வருகிறது என்று ஏமாந்து விடக்கூடாது.

அப்போது ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் லாரியில் சரக்கு இறங்கும் நேரத்தில் நம் ரத வீதிகளில் சைக்கிள் நுழைவதே பெரும்பாடு. நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் கிராமக் கடைகளுக்கோ தூரம் வேறு. ஆம்புலன்ஸ் வரும் வரை அந்த உயிருக்குப் பொறுப்பு நாம்தான்.

சோடா தெளிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது எதுவும் உதவாது. மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் விழுந்தவரைக் கட்டிலிலோ சாக்கின் மேலோ அல்லாமல் வெறும் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன் மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக் கொள்ளலாம். விலா எலும்பு முறிந்து விடுமோ என்ற பயம் வேண்டாம். எலும்பு கூடிவிடும், போன உயிர் திரும்பாது.

இப்படிக் கையால் அழுத்தும் முறையை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1960-ல் உலகுக்குச் சொன்னார்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவோரையும் எண்ணி, நெஞ்சை மட்டும் அழுத்தும் எளிய முறையை நம் நாட்டு மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் பொதுமக்களுக்காக வகுத்தார்கள்.

அடுத்தது ஏ.இ.டி. என்ற மின்அதிர்ச்சிக் கருவி. சட்டையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, அதன் இரண்டு ஒட்டுப்பட்டைகளையும் படத்தில் உள்ளபடி நெஞ்சில் ஒட்டினால், கருவியே இதயத்தைச் சோதித்து என்ன செய்வது என்று பேசும். தேவையில்லாத ஆளுக்கு அது அதிர்ச்சி கொடுக்காது. அதிர்ச்சி கொடுக்கும்போது மட்டும் யாரும் அவரைத் தொடக்கூடாது. 2021-ல் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் சாய்ந்தபோது, உடனே நெஞ்சை அழுத்தியதும் மின்அதிர்ச்சி தந்ததும்தான் அவரைக் காப்பாற்றின. பின்பு அவர் மீண்டும் ஆட வந்தார்.

தனிக் கடைக்கு இந்தக் கருவி கட்டுபடியாகாது. கடைவீதி முழுவதும் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆனால் பூட்டி வைக்கக் கூடாது. சரக்குக்குக் காலாவதித் தேதி பார்ப்பது போல, அதன் பேட்டரிக்கும் ஒட்டுப்பட்டைக்கும் தேதி பார்த்து வர ஒருவரை நியமிக்க வேண்டும்.

படித்தால் மட்டும் இது கைவராது. பொம்மையில் அழுத்திப் பழக வேண்டும். சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவர்களை அழைத்துப் பயிற்சி நடத்தட்டும். கடைக்கு இரண்டு பேர் வரட்டும். அதில் ஒருவர் சுமை தூக்கும் தொழிலாளியாக இருக்கட்டும். அரை நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்து விடலாம்.