மடிக்கணினி நினைவகப் பயன்பாடு

மடிக்கணினி நினைவகம் என்பது, கணினி இயங்கும்போது மென்பொருள்களும் அவற்றின் தரவுகளும் தற்காலிகமாகத் தங்கும் இடமாகும். இது ரேம் எனப் பரவலாக அறியப்படுகிறது. கணினியை அணைத்ததும் இதில் உள்ளவை அழிந்துவிடும். கோப்புகள் நிலையாகச் சேமிக்கப்படுவது ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியில் ஆகும். மடிக்கணினி மெதுவானால் ரேமைக் கூட்ட வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் உண்மையான காரணம் அதுதானா என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே அறிய முடியும்.

தென்காசி வட்டாரத்தில்

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் தென்காசி, குற்றாலம் பகுதி மாணவர்களுக்கும் கிடைத்தன. அத்திட்டத்தின் பழைய கணினிகள் பெரும்பாலும் 4 ஜிபி அல்லது அதற்கும் குறைவான நினைவகம் கொண்டவை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. அந்நிறுவனத்தின் சோஹோ டெஸ்க் மென்பொருள் இங்கு உருவாக்கப்பட்டதாகும். இத்தகைய மென்பொருள்கள் உலாவியில் இயங்குகின்றன. இன்றைய உலாவிகள் பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாக இயக்குவதால், அலுவலகப் பணியிலும் இணையவழிக் கல்வியிலும் நினைவகத்தை அதிகம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் உலாவியே.

இயங்கும் விதம்

நினைவகத்தின் பெரும்பகுதி நிரம்பியிருப்பது மட்டுமே குறைபாடு அன்று. அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை இயங்குதளம் காலி இடத்தில் முன்கூட்டியே வைத்துக்கொள்கிறது. வேறு மென்பொருள் கேட்டால் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறது. இடம் உண்மையிலேயே போதாதபோது, தரவின் ஒரு பகுதி வட்டுக்கு மாற்றப்படுகிறது. நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். ஹார்டு டிஸ்க்குக்குச் சில மில்லிநொடிகள் தேவை. இது பல்லாயிரம் மடங்கு அதிகம். கணினி திணறுவது இதனால்தான்.

அளந்து அறிதல்

வழக்கமாகச் செய்யும் வேலைகள் அனைத்தையும் திறந்து வைத்த நிலையில் பார்க்க வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் நினைவகப் பயன்பாடு, வட்டுப் பயன்பாடு, ரேம் ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காணலாம். லினக்ஸில் ஃப்ரீ கட்டளை தரும் அவைலபிள் அளவைக் கவனிக்க வேண்டும்.

* நினைவகம் தொடர்ந்து 85–90 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, சாளரம் மாற்றும்போதெல்லாம் வட்டும் முழுமூச்சாக இயங்கினால், நினைவகம் போதவில்லை எனலாம்.
* நினைவகம் பாதியளவே நிரம்பியிருக்க, வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால், ஹார்டு டிஸ்க்கை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவதே பயன் தரும்.
* இரண்டும் குறைவாக இருந்து கணினி சூடானால், விசிறியில் தூசு அடைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

தேவையற்ற உலாவித் தாவல்களையும், கணினி தொடங்கும்போதே தாமாக இயங்கும் மென்பொருள்களையும் நிறுத்திவிட்டு மீண்டும் அளப்பது நல்லது. சில வேளைகளில் இதுவே போதுமானது.

கூட்டுவதற்கு முன்

ஆவணங்கள், உலாவி, இணைய வகுப்புகளுக்கு 8 ஜிபி பொதுவாகப் போதும். நிரலாக்கம், காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கு 16 ஜிபி ஏற்றது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. பல மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். காலி ஸ்லாட் இல்லையெனில் அவற்றில் ரேமைக் கூட்ட இயலாது. 32 பிட் விண்டோஸ் 10 இயங்குதளம் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய செயலி கொண்ட கணினியில் ரேமைக் கூட்டினாலும் விண்டோஸ் 11-க்கான தகுதி கிடைக்காது. அத்தகைய கணினிகளில் எடை குறைந்த லினக்ஸ் பதிப்பை நிறுவலாம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. எனவே அளந்து பார்க்காமல் ரேம் வாங்குவது வீண் செலவாகலாம்.

பராமரிப்பு

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ரேமின் தொடுமுனைகளில் தூசும் ஈரமும் படிந்தால் கணினி தொடங்காமல் போகலாம், அல்லது திரை இருண்டிருக்கலாம். இது தொடர்புக் கோளாறேயன்றி நினைவகப் பற்றாக்குறை அன்று. மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.